கோகெலோவுக்குக் கரண்ட் வந்த கதை

2024 ஜூலையில் உமா குமரன் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவான அன்று எங்கட வாட்ஸ்அப் குழுக்கள் எப்படி இருந்தன என்று ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. அதற்கு முதல் 2021இல் நோர்வேயில் கம்சாயினி குணரத்தினம். அதற்கும் முதல் 2011இல் கனடாவில் ராதிகா சிற்சபைஈசன். ஒவ்வொரு முறையும் ஒரே காட்சிதான். முதலில் வாழ்த்து வரும். பிறகு "ஆர் வீட்டுப் பிள்ளை? தாய் எந்த ஊர்?" என்ற விசாரணை தொடங்கும். இரவுக்குள் ஏதாவது ஒரு பெரியம்மா எப்படியோ ஒரு சொந்தத்தைக் கண்டுபிடிச்சு விடுவா.

இதைக் கிண்டலடிக்க நாங்கள் எழுதவில்லை. அந்தச் சந்தோசத்தில் நாங்களும் இருந்தோம். ஆனால் அந்தச் சந்தோசம் எங்கிருந்து வருகிறது, அது அடங்கிய பிறகு ஊரில் மிஞ்சுவது என்ன என்ற கேள்வி எங்களுக்கு இருந்தது. அதற்குப் பதில் தேடப் போன இடத்தில்தான் கென்யாவின் ஒரு சின்னக் கிராமம் கிடைத்தது. உலகத்திலேயே பெரிய பதவி ஒன்று தங்கட பேரப்பிள்ளைக்குக் கிடைத்ததைப் பார்த்த கிராமம் அது.

2008 நவம்பர் 5, புதன்கிழமை. அமெரிக்காவில் அது இன்னும் முதல்நாள் இரவு. மேற்குக் கென்யாவில், சியாயாப் பகுதியில் இருக்கும் நியாங்கோமா கோகெலோவில் விடிந்து ஏழு மணியளவில் பராக் ஒபாமா வென்றுவிட்டார் என்ற செய்தி வந்தது. சனம் இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை. ஆட்டம், பாட்டு, மாடறுத்து விருந்து. எல்லாவற்றுக்கும் நடுவில் எண்பது வயது தாண்டிய ஒரு மூதாட்டி. பெயர் சாரா ஒபாமா. ஊர் அவரை "மாமா சாரா" என்றுதான் கூப்பிடும். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா.

ஜனாதிபதி கிபாக்கி அடுத்த நாள், நவம்பர் 6ஐ, நாடு முழுக்கப் பொது விடுமுறை ஆக்கினார். இன்னொரு நாட்டின் தேர்தல் முடிவுக்காக ஒரு நாடு லீவு விட்டது.

சாரா ஒபாமாவுக்கு உறவுமுறை என்ன? எங்கட கணக்கில் அப்பம்மா முறை. பராக் ஒபாமாவின் அப்பப்பா ஹுசைன் ஒன்யாங்கோ ஒபாமாவின் மூன்றாம் தாரம் அவர். பேரனோடு இரத்த உறவு இல்லை. ஆனால் பேரனின் தகப்பனை வளர்த்தது அவர்தான். ஒபாமா முதன்முதல் 1988இல் கென்யாவுக்கு வந்தபோது இரண்டு பேருக்கும் பொதுவான மொழிகூட இருக்கவில்லை. அப்பம்மா லுவோ மொழியில் கதைக்க, ஒபாமாவின் சகோதரி அவுமா மொழிபெயர்த்தார். மொழியும் இரத்தமும் இல்லாமலே அது உறவாக இருந்தது. இதை விளங்க எங்களுக்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கனடாவில் பிறந்த மச்சாள் லீவுக்கு வந்து அப்பம்மாவுக்குப் பக்கத்தில் ஒன்றும் விளங்காமல் சிரித்துக்கொண்டு இருந்ததை எங்களில் கனபேர் பார்த்திருப்போம்.

ஆனால் கோகெலோ கொண்டாடியது ஒரு பேரப்பிள்ளையை மட்டும் அல்ல. அதை விளங்க இன்னும் பின்னுக்குப் போக வேண்டும்.

ஒபாமாவின் தகப்பன், அவருக்கும் பெயர் பராக் ஒபாமாதான், 1959இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர். பிறகு ஹார்வர்டில் பொருளியல் படித்தார். கென்யா 1963 டிசம்பரில் சுதந்திரம் அடைந்த நேரத்தில் வெளிநாடு போய்ப் படித்துவந்த ஒரு தலைமுறை, நாட்டைத் தாங்களே கட்டப்போகிறோம் என்று நம்பியது. அதில் அவரும் ஒருவர். 1965இல் அரசாங்கத்தின் பொருளாதாரத் திட்டத்தை விமர்சித்து ஒரு சஞ்சிகையில் வெளிப்படையாகவே எழுதினார். பிற்காலத்தில் அரச உத்தியோகங்களை இழந்தார், குடியில் விழுந்தார், 1982இல் நைரோபியில் வாகன விபத்தில் செத்துப்போனார். மகன் அவரை நினைவு தெரிந்த வயதில் கண்டது ஒரே ஒரு தடவை, பத்து வயதில்.

இது ஒரு மனிதரின் சோகம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. அவர் லுவோ இனத்தவர். சுதந்திரக் கென்யாவின் பெரிய அரசியல் தலைகளில் பலர் லுவோக்கள். ஆனால் ஜனாதிபதிக் கதிரையில் ஒரு லுவோவும் இருந்ததில்லை. 1969இல் டொம் முபோயா என்ற லுவோ அமைச்சர் நைரோபியில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருடம், முன்னாள் உப ஜனாதிபதி ஒகிங்கா ஒடிங்காவின் கட்சி தடைசெய்யப்பட்டு அவர் சிறைவைக்கப்பட்டார். கிசுமு நகரில் கூடியிருந்த சனத்தின் மீது பாதுகாப்புப் படை சுட்டது. மேற்குக் கென்யா புறக்கணிக்கப்பட்டது என்ற மனக்குறை அங்கிருந்து தலைமுறை தலைமுறையாக வந்தது.

பிறகு 2007 டிசம்பர் தேர்தல். ஒகிங்காவின் மகன் ரைலா ஒடிங்கா வெல்லுவார் என்று லுவோக்கள் காத்திருக்க, கிபாக்கி வென்றதாக அறிவிக்கப்பட்டது. அடுத்து வந்த கலவரத்தில் 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தச் சாவு நடந்து ஒரு வருடம்கூட முடியாத நவம்பரில்தான் கோகெலோ ஆடிப் பாடியது. அந்தக் காலத்தில் கென்யாவில் ஒரு பகிடி இருந்தது: ஒரு லுவோ கென்யாவுக்கு ஜனாதிபதியாக வர முதல் அமெரிக்காவுக்கு ஜனாதிபதியாக வந்துவிடுவான் என்று. பகிடி உண்மையாகிப் போனது.

அதாவது, தூரத்தில் ஒரு உறவு வெல்லும்போது ஊர் கொண்டாடுவது அந்த வெற்றியை மட்டும் இல்லை. தனக்குக் கிடைக்காமல் போனதையும் சேர்த்துத்தான் கொண்டாடுகிறது. சந்தோசத்துக்குக் கீழே ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

சரி, கொண்டாட்டத்துக்குப் பிறகு என்ன நடந்தது?

முதலில், பெயர். ஒபாமா 2006 ஓகஸ்டில் செனட்டராகக் கோகெலோவுக்கு வந்தபோதே அங்குள்ள பாடசாலைக்கு அவரது பெயர் வந்துவிட்டது. "செனட்டர்" என்ற உள்ளூர் மலிவு பியருக்குச் சனம் "ஒபாமா" என்று பட்டம் வைத்தது.

பிறகு, கரண்ட். 2008 தேர்தல் முடிந்த கையோடு சாரா ஒபாமாவின் வீட்டுக்கு மின்சார இணைப்பு வந்தது. பொலிஸ் காவல் வந்தது. உல்லாசப் பயணிகள் வந்தார்கள். காலப்போக்கில் வீதியும் திருந்தியது.

இங்குதான் நாங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்த மின்கம்பம் வோஷிங்டனிலிருந்து வரவில்லை. நைரோபியிலிருந்து வந்தது. கம்பமும் கம்பியும் காசும் கென்யாவினுடையவை. சுதந்திரம் கிடைத்து 45 வருடமாக அந்த வீட்டைக் காணாத அரசாங்கம், உலகத்தின் கமரா எல்லாம் அங்கு திரும்பிய பிறகு ஒரு சில நாட்களில் கண்டது. பேரன் அனுப்பிய வெளிச்சம் என்று ஊர் அதை எடுத்துக்கொண்டிருக்கலாம். வரலாறாகப் பார்த்தால், சொந்த அரசாங்கம் எப்பவோ குடுத்திருக்க வேண்டிய ஒன்று பிந்தி வந்தது.

பதவிக்கு வந்த உறவினரோ உறவுக்காக ஒன்றும் செய்ய முடியாத இடத்தில் இருந்தார். 2009 ஜூலையில் ஜனாதிபதியாக ஆபிரிக்காவுக்குப் போன ஒபாமா கானாவுக்குப் போனார், கென்யாவுக்கு இல்லை. 2013இல் செனகல், தென்னாபிரிக்கா, தன்சானியா என்று போனார். தன்சானியா கென்யாவுக்குப் பக்கத்து நாடு. அடுத்த வீடு வரை வந்துவிட்டு எங்கட படலையைத் தாண்டிப் போன மாதிரி. காரணம் இருந்தது. அந்த வருடம் கென்ய ஜனாதிபதியாகத் தெரிவான உகுரு கென்யாட்டா மீது 2007–08 கலவரம் தொடர்பாகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு இருந்தது. 2014 டிசம்பரில் அந்தக் குற்றச்சாட்டுகள் மீளப்பெறப்பட்ட பிறகு, 2015 ஜூலையில்தான் ஒபாமா நைரோபிக்கு வந்தார். அப்போதும் கோகெலோவுக்குப் போகவில்லை. குடும்பம்தான் நைரோபிக்கு வந்து, ஒரு ஹோட்டலில் அவரோடு இராச்சாப்பாடு சாப்பிட்டது. 1988இல் அவுமாவின் பழைய ஃபோக்ஸ்வேகனில் நைரோபியைச் சுற்றியவர், இந்த முறை அவுமாவைத் தன்னுடைய குண்டு துளைக்காத காரில் ஏற்றிக்கொண்டு போனார். அப்பம்மாவின் வீட்டு வளவுக்குள் தகப்பனும் அப்பப்பாவும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே அவர் திரும்பிப் போனது 2018 ஜூலையில், பதவியெல்லாம் முடிந்த பிறகு. அவுமா தொடங்கிய இளைஞர் நிலையத்தைத் திறந்து வைக்கப் போனார். பதவி இருந்த எட்டு வருடமும் பேரனால் ஊருக்குப் போக முடியவில்லை.

உறவின் பாரம் மற்றப் பக்கமும் விழுந்தது. சாரா ஒபாமாவோடு யாரோ ரெலிபோனில் கதைத்த ஒரு பதிவை வெட்டி ஒட்டி, பேரன் கென்யாவில்தான் பிறந்தான் என்று அப்பம்மாவே சொல்லுறா பாருங்கோ என்று அமெரிக்காவில் பரப்பினார்கள். அதே உரையாடலில் அவர் ஹவாயில் பிறந்தவர் என்று குடும்பம் தெளிவாகச் சொல்லியிருந்தது. அது வெட்டுப்பட்டுப் போனது. கடைசியில் 2011 ஏப்ரலில் ஒரு நாட்டின் ஜனாதிபதி தன்னுடைய பிறப்புச் சான்றிதழின் முழுப் பிரதியை வெளியிட வேண்டி வந்தது. ஒரு கிழவியின் பெருமை, பேரனுக்கு எதிரான ஆயுதமாகிப் போனது.

இன்னொருவர் செய்துனி ஒன்யாங்கோ, ஒபாமாவின் தகப்பனுடைய சகோதரி முறை. எங்கட முறையில் மாமி. அவர் கென்யாவில் இல்லை, அமெரிக்காவிலேயே, பொஸ்ரனில் அரசாங்கத் தொடர்மாடி ஒன்றில் இருந்தார். 2004இல் அவரது அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது. 2008 தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முதல் இந்தச் செய்தி வெளியானது. ஒபாமா என்ன சொன்னார்? அவரது விசா நிலைமை தனக்குத் தெரியாது, சட்டப்படி நடக்கட்டும் என்றார். 2010இல் குடிவரவு நீதிமன்றத்தில் அவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. அகதி வழக்கு நிராகரிக்கப்பட்ட கதை தெரியாத குடும்பம் எங்களிடையே எத்தனை இருக்கு? மருமகன் நாட்டை ஆளப்போகிறான், மாமி விசா இல்லாமல் ஒளித்துக் கொண்டு இருக்கிறா. இரண்டும் ஒரே குடும்பத்தில், ஒரே நாட்டில்.

மூன்றாவது, அண்ணன் மலிக் ஒபாமா. 2013இல் சியாயாவின் ஆளுநர் பதவிக்குத் தேர்தலில் நின்றார். ஒபாமா என்ற பெயர் உலகத்திலேயே செல்வாக்காக இருந்த காலம், அதுவும் சொந்த ஊர். படுதோல்வி. 2016இல் அவர் தம்பியின் கட்சியை விட்டு ட்ரம்புக்கு ஆதரவு சொன்னார், ட்ரம்பின் விருந்தாளியாகத் தேர்தல் விவாதத்துக்கே போய் உட்கார்ந்தார். சியாயாச் சனத்தை நாங்கள் மெச்சுகிறோம். வெளிநாட்டில் வென்ற பெயரைக் கொண்டாடுவது வேறு, ஊரை ஆள ஆளைத் தெரிவது வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கோகெலோ மட்டும்தான் இப்படியா? அயர்லாந்தின் டங்கன்ஸ்டவுன் இதற்கு முந்தியது. பெரும் பஞ்ச காலத்தில், 1848 அளவில் பற்றிக் கென்னடி என்பவர் வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்திலுள்ள அந்தக் கமத்தை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவரது பூட்டப்பிள்ளை ஜோன் எஃப். கென்னடி 1963 ஜூன் 27 அன்று ஜனாதிபதியாக அந்த வளவுக்கு வந்தார். ஊரில் மிஞ்சியிருந்த தூரத்துச் சகோதரி மேரி றயன் முற்றத்தில் தேநீரும் சாப்பாடும் வைத்து வரவேற்றார். போன கென்னடிகளுக்காகவும் நின்ற கென்னடிகளுக்காகவும் என்று சொல்லித் தேநீர்க் கோப்பையை உயர்த்தினார் ஜனாதிபதி. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 22இல் அவர் சுடப்பட்டுச் செத்தார். அந்த வீடு இன்று அருங்காட்சியகம். அயர்லாந்தில் எத்தனையோ வீடுகளில் பாப்பரசரின் படத்துக்குப் பக்கத்தில் கென்னடியின் படம் தொங்கியது. அதே 1950களிலும் 60களிலும் அந்த வீடுகளில் இருந்து பிள்ளைகள் வேலை தேடிக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தார்கள். சுவரில் இருந்த படம் அதை நிற்பாட்டவில்லை.

எங்களுக்குக் கிட்டவான கதை துளசேந்திரபுரம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தக் கிராமம் கமலா ஹரிஸின் அம்மப்பா பி. வி. கோபாலனின் பூர்வீகம். அவரது மகள் சியாமளா 1958இல், 19 வயதில், தனியாகப் படிக்கக் கலிஃபோர்னியாவுக்குப் போனவர். 2010இல் கமலா கலிஃபோர்னியாவின் சட்டமா அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது சென்னையில் இருந்த சித்தி சரளா அவருக்காகக் கோயிலில் 108 தேங்காய் உடைப்பித்தார். 2020 ஓகஸ்டில், உப ஜனாதிபதி வேட்பாளராக நின்று பேசிய மேடையில் கமலா "சித்தி" என்ற சொல்லைச் சொன்னார். அதைக் கேட்டு நாங்களும் துள்ளினோம், ஒளிக்க ஒன்றுமில்லை. அந்த நவம்பரில் துளசேந்திரபுரத்து வாசல்களில் அவரை வாழ்த்திக் கோலம், தெருவில் வெடி. பதவியில் இருந்த நாலு வருடத்தில் அவர் இந்தியாவுக்கு ஒருதரம்கூடப் போகவில்லை. 2024இல் ஊர் திரும்பவும் கோயிலில் பூசை வைத்தது. அவர் தோற்றார்.

மூன்று ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. உறவு என்பது உரிமை கோரும். "எங்கட பிள்ளை" என்று சொல்லும்போதே எங்களுக்கு ஏதோ வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் இருக்கும். தேர்தல் அப்படி வேலை செய்யாது. ஒபாமாவுக்கு வாக்குப் போட்டது ஒஹாயோவும் ஃபுளோரிடாவும், கோகெலோ அல்ல. வாக்குப் போட்டவைக்குத்தான் அவர் பதில் சொல்ல வேண்டும். உறவுக்காரர் அழலாம், ஆடலாம், தேங்காய் உடைக்கலாம். கேள்வி கேட்க முடியாது.

அப்படியானால் அந்தக் கொண்டாட்டம் வெறும் ஏமாளித்தனமா? நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஒரு நாடு தன்னைத் தள்ளி வைத்திருக்கிறது என்று உணருகிற சனத்துக்கு, தங்கட பெயரை உடைய ஒருத்தர் இன்னொரு நாட்டின் உச்சியில் நிற்பது பெரிய விசயம். "எங்களிலும் ஏதோ இருக்கு, இடம்தான் தரவில்லை" என்பதற்கு அது சாட்சி. ராதிகா சிற்சபைஈசன் வென்றது 2011 மேயில். முள்ளிவாய்க்காலுக்கு இரண்டு வருடம். அப்போது எங்களில் கனபேர் சின்னப் பிள்ளைகள். வீட்டில் பெரியாக்கள் அந்தப் படத்தை ஏன் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள் என்று இப்பதான் விளங்குது. அந்த ஆறுதலை யாரிடமும் பறிக்க எங்களுக்கு மனமில்லை. ஆனால் ஆறுதலும் அரசியலும் ஒன்றல்ல.

ஒரு சின்னக் கணக்கோடு முடிக்கிறோம். 2025 ஏப்ரல் 28இல் கனடாவில் பொதுத்தேர்தல் நடந்தது. ஹரி ஆனந்தசங்கரி திரும்பவும் வென்றார், மே மாதத்தில் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். எங்களுக்குத் தெரிந்த ஆக்கள் பலர் அடுத்த நாள் காலை வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு தொகுதியாகப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நாங்களும்தான்.

சரியாக எட்டு நாள் கழித்து, மே 6இல், இங்கே உள்ளூராட்சித் தேர்தல். 2018க்குப் பிறகு முதல் தடவை. 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேலாக எங்கட பிரதேச சபைகள் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஒருவருமில்லாமல் நடந்தன. எங்கட வீதிவிளக்கு, வடிகால், சந்தை, குப்பை, வாசிகசாலை எல்லாம் பார்க்க வேண்டிய சபைகள். அந்த இரண்டு வருடமும் அது எங்களில் எத்தனை பேருக்கு ஒரு பிரச்சினையாகத் தெரிந்தது? ரொறன்ரோவில் எந்தத் தொகுதியில் யார் நிற்கிறார் என்று சொல்லக்கூடிய எங்களில் எத்தனை பேர் எங்கட வட்டாரத்தில் யார் நின்றார் என்று சொல்லுவோம்?

இதைக் கேட்டபோது எங்கட குழுவிலேயே பாதிப்பேருக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. கோகெலோவில் சாரா அப்பம்மா 2021 மார்ச்சில், 99 வயதில் காலமானார். அவரது வீட்டுக்கு லைற் வரப் பேரன் அமெரிக்க ஜனாதிபதியாக வேண்டியிருந்தது. எங்கட ஒழுங்கைக்கு லைற் வர நாங்கள் எந்த நாட்டுத் தேர்தலைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போறோம்?